சண்டிகரின் இரு கைகள்

சண்டிகருக்குக் கல்வி நாடி வந்த நம்மவருள், கேப்பிட்டல் வளாகத்தில் நிற்கும் 'விரிந்த கை'யைப் பற்றி அறியாதார் இலர். இந்நகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியே எண்ணி வைத்த சின்னம் அது. கொடுக்கவும் கொள்ளவும் விரிந்த கை என்பது அதன் பொருள். அவர் 1965-ல் மறைந்தார். சின்னம் எழுந்ததோ 1985-ல். 26 மீட்டர் உயரத்தில், காற்றின் போக்குக்கேற்பத் திரும்பும் அந்த உலோகக் கை அழகியதே. ஆயினும், இந்நகரின் கை எது என்று என்னைக் கேட்டால், அருகிலுள்ள பாறைத் தோட்டத்தையே காட்டுவேன். 'ராக் கார்டன்' என்று ஊரார் அழைப்பது அதைத்தான்.

அதைப் படைத்த நேக் சந்த், நாட்டுப் பிரிவினையால் ஊரிழந்து வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். கலைக்கல்லூரி எதிலும் பயிலாதவர். புது நகருக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் எச்சங்களைச் சைக்கிளில் சுமந்து சேர்த்தார். உடைந்த வளையல், பீங்கான் துண்டு, ஓடு, சைக்கிள் உறுப்பு எதையும் அவர் கழிக்கவில்லை. சிவாலிக் குன்றடியிலிருந்து கற்களைக் கொணர்ந்தார். பகலில் அரசுப் பணி. இரவில் இந்தப் பணி. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கியதை 1970-களின் நடுப்பகுதி வரை அதிகாரிகள் அறியவில்லை. 1976-ல் தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது.

"கட்டடம் கூடாதென்று ஒதுக்கிய காட்டு நிலத்தில் கட்டியவருக்கா பாராட்டு?" என்று சட்டம் பயிலும் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவ்விதி எதற்காக? நிலத்தின் இயல்பு கெடாதிருப்பதற்காக அன்றோ! அங்கே சென்று பாருங்கள். பள்ளத்தின் போக்கிலேயே பாதை வளைகிறது. சிமெண்டில் வார்த்த வேர்களும் மரத்தின் வேர்களும் கலந்து தொங்குகின்றன. விதியின் எழுத்தை மீறியவர் விதியின் நோக்கத்தைக் காத்தார் என்பேன். அன்றைய ஆட்சியாளரும் இடிக்காமல், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் தந்தனர். அது அறிவுடைய செயல்.

அவ்வறிவு நிலைக்கவில்லை. 1990 வாக்கில் தோட்டத்தின் ஊடே சாலை போட முனைந்தபோது, மக்கள் கை கோத்து நின்று தடுத்தனர். 2015-ல் நேக் சந்த் மறைந்தார். 2025-ல், உயர்நீதிமன்றத்தருகே வாகன நெரிசலைக் குறைப்பதற்கென்று, தோட்டத்து மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது; மதிலும் விழுந்தது.

நெரிசல் இல்லையென்று நான் சொல்லவில்லை. கூடுதல் பஸ் விடலாம். வண்டிகளைத் தொலைவில் நிறுத்தச் செய்யலாம். நெரிசலுக்கு மாற்று உண்டு. மறைந்தவரின் கைவேலைக்கு மாற்று உண்டா? கேப்பிட்டல் வளாகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே 'விரிந்த கை'க்கு உலகமே காவல். குப்பையையும் கல்லையும் கலையாக்கிய கைக்கு யார் காவல்?

"நாம் வந்தேறிய மாணவர், நமக்கென்ன?" என்று சிலர் ஒதுங்குவர். படிக்க இடம் தந்த ஊரில் நமக்கும் பொறுப்புண்டு. அந்நகரே வந்தேறியவர் பலரின் உழைப்பால் எழுந்ததுதானே! ஆகவே நம் சங்கம் ஒன்று செய்யலாம். வரையத் தெரிந்தவர் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் வரையட்டும். படம் பிடிப்பவர் படம் பிடிக்கட்டும். சட்ட மாணவர் நகர நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதட்டும். இனி ஒரு கல்லை அகற்றுமுன் ஊராரைக் கேட்க வேண்டும் என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும்.