உப்பிட்டவரை...

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்கு அழையா விருந்தாளிகள் வந்தார்கள். கால் இல்லை, முதுகெலும்பு இல்லை, ஓடும் இல்லை. ஓட்டோடு போகிற நத்தையாவது சொந்த வீட்டுக்காரர். இது என்னை மாதிரி வாடகைக் கேஸ். எங்கள் தெருவில் சிலர் இதை அட்டை என்கிறார்கள். அட்டை என்றால் ரத்தம் குடிக்க வேண்டும். இது கீரைதான் தின்கிறது, சுத்த சைவம். எனவே 'ஓடில்லா நத்தை' என்றே வைத்துக்கொள்வோம்.

நாகமலை புதுக்கோட்டை தெரியுமில்லையா? மதுரையிலிருந்து தேனி ரோட்டில் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் முன்னால். திருவிளையாடற் புராணப்படி எங்கள் வீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கிற மலை, மதுரையை அழிக்க ஏவிவிடப்பட்ட ஒரு நாகம். கொஞ்சம் தள்ளி இருக்கிற பசுமலை, அதே வேலைக்கு வந்த மாயப் பசு. பாம்புக்கும் பசுவுக்கும் தனித்தனிப் படலம் பாடிய பரஞ்சோதி முனிவர், நத்தையை விட்டுவிட்டார். அந்தக் குறையை நான் தீர்க்க வேண்டியதாயிற்று.

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை இது. அப்பா போன பிறகு ஆறு மாசம் அம்மா எதிலும் ஒட்டவில்லை. டி.வி. ஓடும், பார்க்க மாட்டாள். ஒருநாள் திடீரென்று, "பின்னாடி நாலு பாத்தி போடுவோமாடா?" என்றாள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று சாயங்காலமே மண்வெட்டி வாங்கி வந்துவிட்டேன். அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் நர்சரியில் வாங்கிய நாலு செவ்வந்தித் தொட்டி. பத்தாம் நாள் கீரை முளைத்து நின்றது. பதினோராம் நாள் காலையில் காம்பு மட்டும் நின்றது. மண்ணெல்லாம் யாரோ ஜிகினாப் பேனாவால் கையெழுத்துப் போட்டது போல வெள்ளிக் கோடுகள்.

அம்மா பார்த்தாள். "விடுடா, நமக்கு ராசியில்ல" என்று உள்ளே போய்விட்டாள். அந்த 'விடுடா'தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பி.காம். படித்தவனுக்கு எதற்கும் உடனே ஒரு தீர்வு வேண்டும். உப்பு! நத்தை மேல் உப்பைப் போட்டால் அதன் உடம்பிலிருக்கிற தண்ணீரை உப்பு இழுத்துவிடும், ஆள் காலி. பிளஸ் டூ விஞ்ஞானம். ஒரு பாக்கெட் கல் உப்பைப் பாத்தியைச் சுற்றி லட்சுமணன் கோடு போட்டேன். ராத்திரி மழை பெய்தது. கோடு கரைந்து பாத்திக்குள் போனது. நத்தையிடமிருந்து தப்பிய நாற்றுகளும் இரண்டே நாளில் கருகிப் போயின. மண்ணில் உப்பு ஏறினால் செடி வேரால் தண்ணீர் குடிக்க முடியாது என்கிற பாடம், பிளஸ் டூவில் நான் லீவு போட்ட அன்று நடத்தியிருக்கிறார்கள் போல. உப்பிட்டவனை அந்தப் பாத்தி உள்ளளவும் நினைக்கும்.

அடுத்து முட்டை ஓடு. நொறுக்கித் தூவினால் கூர் குத்தும், நத்தை திரும்பிப் போய்விடும் என்றார் ஆபீஸ் நண்பர். ஒரு வாரம் வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட். நத்தைகள் அதன் மேல் சிவப்புக் கம்பளத்தில் வருவது போல் வந்தன. பிறகுதான் படித்தேன். பிரிட்டனில் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டிக்காரர்கள் முட்டை ஓடு, தாமிரப் பட்டை, சரளை எல்லாவற்றையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்து, 'ஒன்றும் போடாததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை' என்று 2018-ல் சொல்லிவிட்டார்கள். நத்தை தன் கொழகொழப்பைத் தானே விரித்துக்கொண்டு போகிற பிராணி. பிளேடு விளிம்பில்கூட நடக்கும்.

மூன்றாவது, பீர். கிண்ணத்தில் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து சாகும். டாஸ்மாக் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் தெருப் பெரியவர். அவர் திரும்பிப் பார்த்தார். "நத்தைக்கு, சார்" என்றேன். "ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' மறுநாள் தெரு பூராவும் சுற்றி வந்தது. பாதி பாட்டில் ஊற்றினேன். காலையில் ஏழு நத்தைகள் மிதந்தன. "மிச்சப் பாதி எங்க?" என்று மனைவி கேட்டது தனிக் கட்டுரைக்கு விஷயம். பாட்டில் விலையை ஏழால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு நத்தையின் அடக்க விலை எனக்கே தாங்கவில்லை. இழுப்பது சாராயம் அல்ல, புளித்த வாடைதான். சர்க்கரைத் தண்ணீரில் துளி ஈஸ்ட் போட்டு வைத்தாலே போதும். இது முன்பே தெரிந்திருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும்.

நாலாவது நான் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கடையில் மெட்டால்டிஹைட் குருணை கொடுத்தார்கள். "தூவிட்டுப் போயிக்கிட்டே இருங்க சார், ஒண்ணும் ஆகாது." தூவினேன். சாயங்காலம் எதிர் வீட்டு இரண்டு வயசுப் பையன் பின்பக்கமாக வந்து, "மாமா, முத்தாய்" என்று கையை விரித்தான். உள்ளங்கையில் நாலு குருணை. நல்லவேளை, வாயில் போடவில்லை. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி அவனை அம்மாவிடம் விட்டு வந்தேன். பிறகு டார்ச் வைத்து ஒவ்வொரு குருணையாகப் பொறுக்கினேன். எனக்கு விரல் நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நாய்க்கும் குழந்தைக்கும் அது விஷம். பிரிட்டனில் 2022-லிருந்து தோட்டத்தில் அதைப் போடவே கூடாது என்று தடை செய்துவிட்டார்கள்.

சரி, இந்தப் பயல்கள் வந்தது எப்படி? செவ்வந்தித் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஜவ்வரிசி மாதிரிக் கொத்தாக முட்டை. காசு கொடுத்து நானேதான் ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறேன்! பெரிய மனிதர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். இதன் பெரியப்பா முறை, ஓடுள்ள ஆப்பிரிக்க ராட்சத நத்தை. அது இந்தியாவுக்கு வந்தது 1847-ல். பென்சன் என்கிற கம்பெனி அதிகாரி, நத்தைப் பைத்தியம், மொரீஷியஸிலிருந்து கொண்டு வந்தது கல்கத்தாவில் சௌரிங்கித் தோட்டத்தில் விடப்பட்டது. இன்று கேரளத்து விவசாயிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1966-ல் ஒரு பையன் ஹவாயிலிருந்து மூன்றே மூன்று நத்தை மியாமிக்குக் கொண்டு போனான். பாட்டி தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷத்தில் 18,000-க்கு மேல்! (ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கிற ஜாதி. ஜாதகம், பெண் பார்த்தல், பஜ்ஜி-சொஜ்ஜி எந்தத் தாமதமும் கிடையாது.) ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் ஆயிற்று. ஹவாய்க்காரர்களோ இன்னும் கெட்டிக்காரர்கள். ராட்சதனைத் தின்ன 1955-ல் இன்னொரு நத்தையைக் கொண்டு வந்து விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு உள்ளூர் அப்பாவி நத்தைகளைத் தின்று தீர்த்தது. என் உப்புப் பாக்கெட்டுக்கு அண்ணன்!

கடைசியில் பலித்தது, கேரளத்தில் மல்லுக்கட்டியவர்கள் கண்டுபிடித்த சாக்கு வைத்தியம். பழைய கோணிச்சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலை வைத்துப் பாத்தி ஓரத்தில் ராத்திரி போட வேண்டும். காலையில் மொத்தக் குடும்பமும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். தப்பியதை ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். வெறுங்கையால் அல்ல, பழைய இடுக்கியால். நத்தை உடம்பில் எலியிடமிருந்து வந்த ஒரு புழு இருக்கலாம். அது நம் வயிற்றுக்குள் போனால் மூளைச் சவ்வு வீங்கும். கீரையை நன்றாக அலசி, வேகவைத்துத்தான் தின்ன வேண்டும். பொறுக்கியதை உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். ஆம், உப்பு வாளிக்குத்தான், பாத்திக்கு இல்லை. இன்னொன்று, செடிக்குத் தண்ணீர் காலையில் விடுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி பூரா அவர்களுக்கு ஈரமான ராஜபாட்டை.

இடுக்கி எனக்கு, டார்ச் அம்மாவுக்கு. முதலில் "கொசு கடிக்கும், நான் வரல" என்றவள்தான். முதல் ராத்திரி 43. அம்மா காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். அடுத்த ராத்திரி 31. பிறகு 19. என்னைவிட அவள் கணக்குச் சுத்தம். எட்டு மணியானால், "டேய், ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று அவளே டார்ச்சோடு வாசற்படியில் நிற்கிறாள். மழை கொட்டிய ஒரு நாள், நான் சோம்பிப் படுத்திருக்க, குடை பிடித்துக்கொண்டு தனியாகவே போய் 12 பிடித்து வந்தாள். மறுபடி விதைத்த கீரை இப்போது முழங்கால் உயரம்.

நேற்று மூன்றுதான். திரும்பும்போது காம்பவுண்டுச் சுவரில் ஒரு பெரியவர் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். நான் இடுக்கியை நீட்டினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுடா. அது அங்கிட்டுல்ல போகுது!"