முதுகு சாய ஓர் இடம்

தொலைதூரப் பேருந்தில் ஏறியதும் சிலர் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொள்வார்கள். நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் அவர்கள். நல்ல கைவைத்தியம் அது. கீழ்முதுகின் இயல்பான வளைவைத் துண்டு தாங்கிப் பிடிக்கிறது.

கூன்போட்டு உட்கார்ந்தால், நிற்கும்போது இருப்பதைவிட முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் அழுத்தம் கூடுகிறது. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே இதை அளந்து காட்டினார். பாதம் தரையில் நன்றாகப் படியட்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். எப்படி உட்கார்ந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது நல்லது.

நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரக் கிடைப்பதே பெரும்பாடு. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயமானது. முதலாளிமார்களே, முக்காலியைப் போட்டுக் கணக்கு முடிக்காதீர்கள். முதுகு சாயும் நாற்காலியாகப் போடுங்கள்.