முகங்காணா நட்பும் ஓர் ஆற்றங்கரையும்

நட்புக்கு முகம் வேண்டுமா என்ற வினா நமக்குப் புதியதன்று. ஒருவரையொருவர் காணாமலே உள்ளம் ஒன்றிய கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்துகொள்கிறோம். நட்புக்கு நெருங்கிப் பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்ற வள்ளுவர் கருத்துக்கு உரை வகுத்த பரிமேலழகரும் இவ்விருவரையே சான்று காட்டினார். இன்று இணையத்தின் வழியே உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் உறவாடும் நம் இளைஞர், "பிசிராந்தையார் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம்" என்று வாதிடுகின்றனர். ஆசிரியராயிருப்போர் இதற்கு மறுமொழி கூற இயலாது திகைப்பதுண்டு.

அவ்வாறு வாதிடுவோர் கதையின் முற்பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். வடக்கிருந்த சோழன், தன் நண்பர் தவறாது வருவாரெனக் கூறி அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். சூழ இருந்த சான்றோர் ஐயுற்றனர். ஆயினும் பாண்டிநாட்டுப் பிசிரூரிலிருந்து ஆந்தையார் வந்தார். தாமும் அவ்விடத்தில் வடக்கிருந்தார். எனவே அது காணாமல் முடிந்த நட்பன்று. காணும் நாளை நோக்கி வளர்ந்த நட்பு. முகங்காணா நட்புப் பொய்யென்று நான் கூறவில்லை. அது முற்றுப்பெறாதது என்பதே என் கருத்து. இக்கருத்துக்கு என்னைக் கொண்டுவந்தவை ஏடுகள் அல்ல. இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரையிற் கழிந்த ஒரு பிற்பகலேயாகும்.

நான் பிறந்தது நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தினூடே குளிர்ந்த நீரோடை ஒன்று ஓடிற்று. அதில் ட்ரவுட் என்னும் மீன் இருந்தது. அது நம் நாட்டு மீனன்று. 1880 களில் ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்கின் பொருட்டு அதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து மலைநாட்டு ஓடைகளில் வளர்க்கலாயினர். முதலில் வந்தது ஐரோப்பிய இனம். இங்கு நன்கு வேரூன்றியதோ வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட். தேயிலைக்கு ஆள் கொணர்ந்தவாறே தூண்டிலுக்கு மீனும் கொணர்ந்தனர் எனலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை தூண்டில் வீசுவார். அவருடைய மீன்கூடையைச் சுமந்து செல்லும் சிறுவர்களுள் நானும் ஒருவன். எத்தனையோ மீன்களைச் சுமந்தேன்; ஒன்றையேனும் சுவைத்ததில்லை. அவ்வோடையில் எங்கள் பிள்ளைகள் கைவைத்தால் தகப்பனாரின் வேலைக்கே ஆபத்து வந்துவிடும்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றபின், அந்த மீனைப் பற்றிய ஓர் ஐயத்தை இணையத்தில் எழுதிக் கேட்டேன். இங்கிலாந்தின் டாபிசயர் பகுதியிலிருந்து ஒருவர் விடை எழுதினார். மூன்றாண்டுகள் எழுதிக்கொண்டோம். பறவை, பூச்சி, கவிதை என்று நாங்கள் பேசாத பொருளில்லை. என் ஆங்கிலத்தை அவர் மெச்சினார். அவருடைய அறிவை நான் வியந்தேன். ஆனால், துரைமாரைப் போன்ற ஒருவரோடு எழுதுகிறேன் என்ற எண்ணம் என் உள்ளத்தின் அடியில் கிடந்தது. லயத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எழுத்தில் நமக்கு வேண்டிய முகத்தை நாமே வரைந்துகொள்ளலாமன்றோ?

மகளைக் காண இங்கிலாந்து சென்றிருந்தபோது அவர் என்னை டவ் ஆற்றுக்கு அழைத்தார். தூண்டில் இலக்கியத்தில் இவ்வாறு பெரும் பெயர் பெற்றது. ஐசாக் வால்ற்றன் 1653 இல் வெளியிட்ட தூண்டில் நூல் ஆங்கில உரைநடையின் செல்வங்களுள் ஒன்று. வழியிற் சந்தித்த அந்நியர் இருவர், பேசிக்கொண்டே ஆசானும் மாணவனுமாவதே அதன் அமைப்பு. வால்ற்றன் இலண்டனில் வணிகம் செய்தவர். அவரினும் முப்பத்தேழு ஆண்டு இளையவரான சாள்ஸ் கொற்றன் நிலவுடைமைக் குடும்பத்தவர். குலமும் வயதும் ஒவ்வாத இவ்விருவரையும் ஆறு ஒன்றாக்கிற்று. செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையை விரித்துரைக்கும் இரண்டாம் பகுதியைக் கொற்றன் எழுதி 1676 இல் அந்நூலோடு சேர்த்தார். 1674 இல் அவர் இக்கரையிற் கட்டிய சிறு கல்வீடு இன்றும் நிற்கிறது. அதன் வாயிலின் மேல் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னிப் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆற்றங்கரையில் நண்பரைக் கண்டேன். தடித்த விரல்களும் சற்றே கூனிய முதுகுமுடைய மனிதர். முதல் அரைமணி நேரம் இருவருக்கும் பேச்சே எழவில்லை. பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஒரு வாக்கியத்துக்குத் தடுமாறினோம். நல்லவேளையாக எங்களுக்கிடையில் ஒரு தொழில் இருந்தது.

ஈத்தூண்டில் வினோதமானது. மற்றைத் தூண்டில்களில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ நூலை இழுத்துச் செல்லும். இங்கு இறகும் மயிரும் சுற்றிய முள்ளுக்குப் பாரமே இல்லை. நூலின் பாரமே அதனைக் கொண்டுசெல்லவேண்டும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆதலால் பிடிப்பவன் அதன் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி வரவேண்டும். விழுந்த ஈ நீரோடு நீராக மிதந்து வரவேண்டும். நூல் இழுக்க ஒரு விரற்கடை பிறழ்ந்தாலும் மீன் ஐயுற்று ஒதுங்கிவிடும். ஓராண்டு, இரண்டாண்டு நீருக்கடியில் வாழ்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் மடியும் ஈக்கள் அன்று எங்களைச் சூழ்ந்து பறந்தன.

"உங்கள் கை அவசரப்படுகிறது, நூல் பின்னால் முற்றாக நீளும்வரை பொறுங்கள்" என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். மூன்றாண்டு எழுத்தில் இல்லாத ஒன்று அத்தொடுகையில் இருந்தது. அப்பொழுது, என்னையறியாமலே, கூடை சுமந்த கதையைச் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் நீரையே நோக்கி நின்றார். பின்பு, தம் பாட்டனார் இம்மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவரென்றும், இத்தகைய ஆறுகளில் அவரும் தூண்டில் வீசியதில்லை என்றும் கூறினார். அந்நாட்டுச் சட்டப்படி, கடல்நீர் ஏறாத ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை பொதுவாகக் கரையை உடையவனுக்கே உரியது. இன்று அவரும் நானும் நின்றது, ஒரு நாளுக்குக் காசு கொடுத்து வாங்கிய சீட்டின் பலத்தில். துரையென்று நான் எண்ணியவர் கூடை சுமந்தவரின் பேரன்!

மாலையில் ஒரு மீன் அகப்பட்டது. பொன்னிற வயிறும் சிவப்புப் புள்ளிகளுமுடைய, அவ்வாற்றுக்கே உரிய மீன். கையை நனைத்துக்கொண்டு ஏந்துமாறும், அது மூச்சுத் தேறும்வரை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்து விட்டுவிடுமாறும் அவர் சொன்னார். பசியறிந்தவனுக்கு மீனைப் பிடித்து விடுவது விளங்காத விளையாட்டு. அதை அவரிடம் கூறினேன். அவர் மறுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். இவ்விடயத்தில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. அதுவும் நட்பின் பகுதியே.

காணாமலே பயன்தந்த கடிதங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இங்கிலாந்தின் ஹல்போட் 1890 இல் தம் ஈக்களைக் கடிதத்தோடு நியூயோர்க் மாநிலத்துத் தியோடோர் கோர்டனுக்கு அனுப்பினார். அமெரிக்க ஈத்தூண்டிற் கலையில் அது ஒரு திருப்புமுனை. ஆயினும் ஆங்கில ஆற்றுப் பூச்சியைப் பார்த்துக் கட்டிய ஈ கற்ஸ்கில் மலையாறுகளுக்கு அப்படியே பொருந்தவில்லை. கோர்டன் தம் ஆற்றில் இறங்கி, அங்குள்ள பூச்சியைக் கண்ணாற் கண்டு, வேறு ஈக்களைக் கட்டவேண்டியதாயிற்று. தபாலில் அறிவு வரும்; நீர் வராது.

முகங்காணா நட்பில் நாம் காண்பது பெரும்பாலும் நம் விருப்பத்தின் நிழலையே. நான் ஒரு துரையைக் கற்பித்துக்கொண்டு அவருக்கேற்ற ஒரு கனவானாக என்னையும் கற்பித்துக்கொண்டேன். எழுத்து எங்களை ஏமாற்றவில்லை. நாங்களே அதனுள் ஒளிந்துகொண்டோம். உடலோடு எதிர்நிற்கும்போது மௌனமும் தடுமாற்றமும் கருத்து மாறுபாடும் வெளிப்படுகின்றன. அவற்றைத் தாங்குவதே நட்பு.

ஆகவே மாணவர்களுக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் நான் கூறுவது இது: எழுதுங்கள், கடல் கடந்தும் எழுதுங்கள். ஆனால் இயலுமாயின் காண்பதற்கு ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். தேநீர் மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் எடைபோடுவதினும், தோட்டத்திலோ ஆற்றிலோ அச்சுக்கூடத்திலோ ஒரு வேலையை இருவருமாகச் செய்யுங்கள். சோழன் தன் நண்பருக்கு ஒதுக்கியது வெறும் இடமன்று; தான் செய்த செயலில் ஒரு பங்கு.