அப்பாவின் கார்

மும்பை அணுசக்தி நகரில் இயற்பியல் தெரிந்த அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர்களின் குடியிருப்பு அது. பிள்ளைக்குச் சரிவில் ஓடவிட மரக்கார் செய்து தரும் ஆசை அவர்களுக்கு வந்தால் ஒரு வார்த்தை.

அமெரிக்காவில் 1953-ல் டான் மர்ஃபி இத்தகைய பந்தயத்தைத் தொடங்கினார். பெரிய பெட்டி வண்டிப் பந்தயத்துக்கு மகனுக்கு வயது போதவில்லை என்பதே காரணம். மோட்டார் கிடையாது, எடை 142 கிராமைத் தாண்டக்கூடாது.

கனம் கூடினால் புவியீர்ப்பு அதிக வேகம் தந்துவிடாது. காற்றின் தடையை எதிர்க்கத்தான் கனம் உதவுகிறது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். 30 டிகிரி சரிவில் எடையின் மையத்தை 5 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால், அது 2.5 செ.மீ. கூடுதல் உயரத்திலிருந்து இறங்கும்; அந்த அளவுக்கு வேகமும் கூடும். அதிகம் தள்ளினால் முன்சக்கரம் தரையில் பதியாது.

இதையெல்லாம் அப்பாவே கணக்குப் போட்டு இழைத்துக் கொடுத்தால் கார் ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்தது அப்பா. ஒரு சாய்ந்த பலகை, நாலு இரும்பு வாஷர், கொஞ்சம் பசை போதும். பிள்ளையே முன்னே ஒட்டித் தோற்று, பின்னே ஒட்டிப் பார்க்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமான பாடம்.