முகம் காட்டாத கதாநாயகன்

ஹீரோவின் முகத்தைக் காட்ட ஐந்து நிமிஷம் லேட்டானாலே நம் ஊர் ரசிகன் விசிலடித்துத் தியேட்டரை இரண்டாக்கிவிடுவான். முதலில் ஷூவைக் காட்டு, அப்புறம் கை, அப்புறம் தோள், டமால் என்று முகம். இதுதான் நமக்குத் தெரிந்த இலக்கணம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியும் கதாநாயகனின் முகம் என்ன, குரல், நிழல்கூட வராத படம் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இருக்கிறது. 'தி மெஸேஜ்'. சிரியாவில் பிறந்து அமெரிக்கா போன முஸ்தபா அக்காத், நபிகள் நாயகத்தின் வரலாற்றை 1976ல் படமாக எடுத்தார். நாயகத்தை உருவமாகக் காட்டக்கூடாது என்பது இஸ்லாத்தில் பெரும்பாலோர் கொண்ட கருத்து. அக்காத் என்ன செய்தார் தெரியுமோ? கேமராவையே அவர் இடத்தில் வைத்துவிட்டார். எதிரில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பேசுவார்கள், பதிலைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பதில் நமக்குக் கேட்காது. அவர் வருகிறார் என்பதற்கு அடையாளம், மெல்லிய இசை. அலீயைக்கூடக் காட்டவில்லை, அவருடைய இரட்டை நுனி வாள் மட்டும்தான். ஒரே கதையை இங்கிலீஷில் ஒரு நடிகர் கூட்டம், அரபியில் இன்னொரு கூட்டம் என்று தனித்தனியாக எடுத்தார். அதற்குக் காசு சேர்ப்பதற்குள் மனுஷன் பட்ட பாடு தனிக்கதை. மொராக்கோவில் ஷூட்டிங் நின்று, கடைசியில் லிபியாவில் கடாஃபி தயவில் முடிந்தது.

இவ்வளவு பயபக்தியாக எடுத்த படத்துக்கு நடந்தது என்ன? ஆண்டனி க்வின் நபியாக நடிக்கிறார் என்று வதந்தி. அவர் நடித்தது சிறிய தந்தை ஹம்ஸாவாக! 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதக் கும்பல் ஒன்று மூன்று கட்டடங்களில் சுமார் 150 பேரைப் பிணையாகப் பிடித்தது. கோரிக்கைகளில் ஒன்று, இந்தப் படத்தை நிறுத்து என்பது. ஓர் இளம் ரேடியோ நிருபர் செத்தே போனார். படத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க இரண்டு டிக்கெட் காசு போதும். ஒரு உயிர் போயிற்று.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் பாயிடம் ஒருநாள் பேண்ட் ஆல்டர் பண்ணக் கொடுத்துவிட்டு இந்த விஷயத்தை எடுத்தேன். "முகத்தைக் காட்டினா என்னதான் பாய் ஆயிடும்? பக்தியோடதானே எடுக்கறாங்க?"

மெஷினை நிறுத்தினார். "தம்பி, கண்ணை மூடி கிருஷ்ணரை நினைச்சுப் பாருங்க. யாரு வர்றா?"

நினைத்தேன். என்.டி.ராமராவ் வந்தார். 1957ல் 'மாயாபஜார்', 1964ல் 'கர்ணன்'. அதே புன்னகை, அதே மயிலிறகு.

"பாத்தீங்களா? அதைத்தான் நாங்க வேணாங்கறோம். நாயகம் பேரைச் சொல்லும்போது எவனோ ஒரு நடிகன் மூஞ்சி வந்து நிக்கக் கூடாது. அந்த நடிகன் அடுத்த படத்துல குடிச்சிட்டு ஆடுவான்."

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ராமராவ் 1983ல் முதலமைச்சரே ஆனார். அந்த மயிலிறகுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு அவ்வளவு பலம்.

இந்தக் கூச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 1959ல் வந்த 'பென்ஹர்' படத்தில் ஏசுநாதரின் முகத்தைக் காட்டவே இல்லை. அவர் தண்ணீர் கொடுக்கிறார், அதட்டவந்த ரோமானியச் சிப்பாய் அவரைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான். நாம் பார்ப்பது சிப்பாயின் முகத்தைத்தான். அது போதுமாக இருக்கிறது.

நம் தமிழிலோ உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே 'சீறாப்புராண'த்தில் ஐயாயிரத்துக்கு மேல் விருத்தம் பாடி நாயகத்தின் கதையைச் சொல்லிவிட்டார். அரபு நாட்டை வர்ணிக்கும்போது மழை, ஆறு, நெல்வயல் எல்லாம் வருகிறது! பாலைவனத்துக்கே காவிரியைத் திருப்பிவிட்டார் மனுஷன். யாரும் கொடி பிடிக்கவில்லை. சொல்லில் எழுதினால் படிக்கிறவன் அவனவன் மனசுக்கு ஏற்ற மாதிரி கண்டுகொள்ளலாம். கேமரா அந்தச் சலுகையைத் தராது.

அப்புறம் நம்ம ரஹ்மான் விஷயம். ஈரான் இயக்குநர் மஜீத் மஜீதி, நாயகத்தின் சிறுவயதை வைத்து 2015ல் பெரிய படம் எடுத்தார். மூன்று ஆஸ்கர் வாங்கிய விட்டோரியோ ஸ்டொராரோ ஒளிப்பதிவு, இசை ஏ.ஆர்.ரஹ்மான். இதில் சிறுவனைப் பின்பக்கமாகக் காட்டுகிறார்கள், முகம் இல்லை. அக்காத் ஒரு கோட்டில் நின்றார், மஜீதி ஓரடி முன்னே வந்தார். கெய்ரோவின் அல் அஸ்ஹர் அதையும் ஏற்கவில்லை. அந்த செப்டம்பரில் மும்பையின் ரஸா அகாடமி, இயக்குநர்மீதும் ரஹ்மான்மீதும் ஃபத்வா வாங்கிவந்தது.

ரஹ்மான் சண்டைக்குப் போகவில்லை. நான் படத்தை இயக்கவுமில்லை, தயாரிக்கவுமில்லை, நல்லெண்ணத்தோடு இசை மட்டும் அமைத்தேன் என்றார். மறுமை நாளில் இறைவன், உனக்குத் திறமையும் புகழும் கொடுத்தேனே, என் நேசருக்காக எடுத்த படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றும் கேட்டிருந்தார். எதிர்த்தவர்களுக்கும் நாயகத்தின்மேல் பிரியம், இசையமைத்தவருக்கும் அதே பிரியம். கேஸ் எப்படித் தீரும்?

என் கட்சி இதுதான். அவமானப்படுத்தவென்றே எடுப்பது வேறு, தயங்கித் தயங்கி எடுப்பது வேறு. 2012 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மட்டமான வீடியோவுக்காக அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின்மேல் கல் விழுந்தது. அந்த வீடியோவையும் அக்காத் படத்தையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். கோபப்படுங்கள், எழுதுங்கள், போகாமல் இருங்கள், கோர்ட்டுக்குப் போங்கள். கல் மட்டும் வேண்டாம். எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எதைக் காட்டக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் டைரக்‌ஷன்தான். அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் அக்காத்துக்கு அந்த கேமரா யுக்தியே தோன்றியிருக்காது.

பேண்ட்டை வாங்கும்போது பாயிடம் கேட்டேன். "மஜீதி படம் கையில கிடைச்சா பாப்பீங்களா?"

"பாக்க மாட்டேன் தம்பி. மனசு ஒப்பலை. பாக்கறவனைத் திட்டவும் மாட்டேன்." நூலைக் கடித்துத் துப்பினார். "மியூஸிக் மட்டும் பேரன் செல்லுல போட்டுக் காட்டினான். நல்லாத்தான் போட்டிருக்காப்ல."

ஆல்டருக்கு எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.