கூலி கேட்பது ஆசையா?

சென்ற ஆயுத பூஜையன்று கோவைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் தொழிலாளர்களுக்குப் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். கூடவே ஒரு உபந்நியாசமும் கொடுத்தார்கள். நிர்வாகம் அழைத்து வந்த பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். “ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றார் புத்தர் பெருமான். நீங்கள் ஏன் துன்பப்படுகிறீர்கள்? ஆசைப்படுவதால்! ஆசையைக் குறையுங்கள், மனம் சாந்தி பெறும்” என்பதே பேச்சின் சாரம். அந்த வாரம்தான் போனஸ் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. பேசிய பெரியவருக்கு அது தெரியுமோ, தெரியாதோ. அழைத்து வந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் காலையில், ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த தோழர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிறவர். “ஏனுங்க தோழரே, இந்தப் புத்தரும் முதலாளி கட்சிதானுங்களா?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூத்த பெண்ணின் படிப்புச் செலவுக்குப் போனஸை நம்பியிருந்தவர் அவர். ‘நாம்தான் பேராசைக்காரர்களோ?’ என்ற சந்தேகம் அவர் நெஞ்சில் விழுந்துவிட்டது. முதலாளிக்கு வேண்டியது அதுதான். தடியடியால் கலையாத கூட்டம் இந்த ஒரு சந்தேகத்தால் கலைந்துவிடும். ஆகவே, டீக்கடையில் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாகமும் பசியும்

புத்தருடைய உபதேசங்கள் பாலி மொழியில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. துன்பத்தின் காரணமாக அவர் சொன்னது ‘தண்ஹா’. அதற்கு நேர் அர்த்தம் தாகம். தண்ணீர் குடித்தால் தீர்கிற தாகமல்ல. குடிக்கக் குடிக்க வளருகிற தாகம். ஒரு மில் வைத்திருப்பவன் இரண்டாவது மில் வேண்டும் என்கிறான். இரண்டு வைத்திருப்பவன் நாலு வேண்டும் என்கிறான். அந்தத் தாகம்! அதோடு அவர் சொன்ன இன்னொரு சொல் ‘உபாதானம்’. பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். எரிபொருள் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. தமிழிலும் அப்படித்தானே? கை பற்றுகிறது, தீயும் பற்றுகிறது. எதைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறோமோ, அதுவே நம்மை எரிக்கிறது என்பது கருத்து.

அப்படியானால் எல்லா விருப்பமும் தீமையா? இல்லை. பாலியில் ‘சந்த’ என்று வேறு ஒரு சொல் இருக்கிறது. சங்கத்துக்குக் கட்டுகிற சந்தா அல்ல! ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று மனத்தில் எழுகிற ஊக்கம். அந்த ஊக்கம் நல்ல வழியிலும் போகலாம், கெட்ட வழியிலும் போகலாம். நல்ல வழியில் போகிற ஊக்கத்தைப் புத்தர் விலக்கவில்லை. அவர் காட்டிய எட்டு அங்கங்கள் கொண்ட பாதையில் நல்முயற்சியும் ஒன்று. கையைக் கட்டிக்கொண்டு சும்மா கிட என்று சொன்னவர் முயற்சியை ஏன் அதில் சேர்க்கப் போகிறார்?

பசியைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? தம்மபதத்துக்கு எழுதப்பட்ட பழைய உரையில் ஒரு கதை வருகிறது. ஆளவி என்ற ஊருக்குப் புத்தர் வந்தார். அவர் பேச்சைக் கேட்க ஆவலாக இருந்த ஒரு ஏழை உழவனின் மாடு அன்று பார்த்துக் காணாமல் போய்விட்டது. மாட்டைத் தேடிப் பிடித்துவிட்டு, பசியோடும் களைப்போடும் அவன் வந்து சேர்ந்தான். அதுவரை புத்தர் வாய் திறக்கவில்லை. வந்ததும், முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்றார். அவன் சாப்பிட்டு முடித்த பிறகே உபதேசம் ஆரம்பித்தது. சீடர்கள் முணுமுணுத்தார்கள். பசித்திருப்பவனுக்கு என் பேச்சு ஏறாது என்று அவர் விளக்கினார். நோய்களில் எல்லாம் பெரிய நோயாக அவர் வைத்தது பசியைத்தான். நம் தமிழிலேயே எழுந்த பௌத்த காவியமான மணிமேகலையும் இதே வழியில் போகிறது. அதன் நாயகி கையில் அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களைத் தேடிப் போகிறாள்.

ஆக, பசி வேறு, தாகம் வேறு. பெண்ணின் படிப்புக்குப் பணம் கேட்பது தண்ஹா அல்ல. கூலியை அமுக்கி வைத்துக்கொண்டு, சொத்தின் மேல் சொத்து சேர்ப்பதுதான் தண்ஹா. உபந்நியாசம் நடந்திருக்க வேண்டிய இடம் தொழிற்சாலை முற்றமல்ல, டைரக்டர்கள் கூடும் அறை!

ஐந்து கடமைகள்

இன்னொன்றும் அந்தப் பெரியவர் சொல்லவில்லை. ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் இல்லற தர்மம் சொன்னார். அதில் எஜமான் தன் வேலையாட்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து என்றார். சக்திக்குத் தக்க வேலை தருவது, சாப்பாடும் கூலியும் கொடுப்பது, நோயில் பராமரிப்பது, விசேஷமான பண்டம் வந்தால் பங்கு கொடுப்பது, உரிய காலத்தில் ஓய்வு விடுவது. முதல் தடவை இதைப் படித்தபோது நம் சங்கத்தின் கோரிக்கை மனுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலைப்பளு, சம்பளம், ஈ.எஸ்.ஐ., போனஸ், லீவு!

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று இருக்கிறது. கூடதந்த சூத்திரம் என்ற உபதேசத்தில் ஒரு ராஜாவின் கதை வருகிறது. நாட்டில் கொள்ளை மிகுந்தது. சிறை போட்டும் தலையை வாங்கியும் அதை ஒழிக்கலாமா என்ற யோசனை எழுந்தது. அவனுடைய மந்திராலோசனைக்காரன் வேண்டாம் என்றான். உழுகிறவனுக்கு விதையும் தீவனமும் கொடு. வியாபாரிக்கு முதல் கொடு. ஊழியனுக்குச் சாப்பாடும் கூலியும் கொடு. கொள்ளை தானே அடங்கும் என்றான். துன்பத்துக்கு வயிற்றிலும் ஒரு காரணம் உண்டு என்பது புத்தருக்குத் தெரிந்தே இருந்தது.

இதற்காக அவரைக் கம்யூனிஸ்ட் ஆக்கிவிட வேண்டியதில்லை. அதே சிகாலன் உபதேசத்தில் வேலையாட்களுக்கும் ஐந்து கடமைகள் உண்டு. எஜமானுக்கு முன்னே எழுந்து, அவன் தூங்கிய பின்னே தூங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கடனாளியையும் தப்பி வந்த அடிமையையும் பிக்குவாகச் சேர்க்கக்கூடாது என்று அவருடைய சங்கத்தில் விதி இருந்தது. யாருக்குத் துன்பம் அதிகமோ அவனுக்கே கதவு சாத்தியிருந்தது. எஜமானுக்குப் புத்தி சொன்னார். எஜமான்-அடிமை உறவையே ஒழிக்கும் சக்தி அந்தக் காலத்துச் சமுதாயத்தில் இன்னும் பிறக்கவில்லை. அந்தச் சக்தி நாம். இந்த வித்தியாசத்தை மறக்காமல்தான் அவரிடம் கற்க வேண்டும்.

இரண்டாவது அம்பு

கற்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. தோழர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கக் கோருகிறேன்.

புத்தர் ஒரு உவமை சொன்னார். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. அது உடம்பின் வலி. அறிவில்லாதவன் அந்த வலியோடு நிற்பதில்லை. அழுது, அரற்றி, மனம் கலங்கி, இரண்டாவது அம்பையும் தன் மேல் பாய்ச்சிக்கொள்கிறான். அறிவுள்ளவனுக்கு முதல் அம்பின் வலி மட்டும்தான்.

நம் வீடுகளைப் பாருங்கள். மேஸ்திரி திட்டுகிறான், கூலியில் பிடித்தம் விழுகிறது. இது முதல் அம்பு. சாராயக் கடைக்குப் போய்விட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறோமே, அது இரண்டாவது. களத்தில் கூலி குறைகிறது, முதல் அம்பு. பக்கத்துத் தெருக்காரன் வேறு சாதி, அவன் குறைந்த கூலிக்கு வந்ததால்தான் நமக்கு இந்தக் கதி என்று அவன் குடிசைமேல் பாய்கிறோமே, அது இரண்டாவது. ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று மீட்டர் வட்டிக்கு வாங்கிவிட்டுப் பத்து வருஷம் மீள முடியாமல் கிடக்கிறோம். அது இரண்டாவது, மூன்றாவது எல்லாம். முதல் அம்பை எய்தவன் முதலாளி. மற்றவற்றை நாமே எய்துகொள்கிறோம். அதிலும் லாபம் அவனுக்குத்தான். குடித்துக் கிடப்பவன் கேட் கூட்டத்துக்கு வரமாட்டான். சாதிச் சண்டை போடுகிறவன் கோரிக்கை மனுவில் பக்கத்துத் தெருக்காரனோடு சேர்ந்து கையெழுத்துப் போடமாட்டான்.

கோபம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அநீதியைக் கண்டு கொதிக்காத நெஞ்சு என்ன நெஞ்சு? ஆனால் கோபத்தின் மேல் நாம் சவாரி செய்ய வேண்டும். கோபம் நம் மேல் சவாரி செய்தால், அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் சாராயக் கடை அல்லது போலீஸ் ஸ்டேஷன்.

அம்பைப் பற்றியே அவர் சொன்ன மற்றொரு உவமையும் உண்டு. உலகம் நித்தியமா, அநித்தியமா என்று மாலுங்கியபுத்தன் என்ற சீடன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் எந்தக் குலம், உயரமானவனா குட்டையானவனா என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால் செத்தே போவான் என்றார் புத்தர். வீண் தத்துவ விசாரணைக்கு நல்ல சூடு! முதலில் அம்பைப் பிடுங்கு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் நிலைமையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எய்தவன் ஓடிவிடவில்லை, அடுத்த அம்பை நாணில் பூட்டியபடி எதிரிலேயே நிற்கிறான். ஆகவே அம்பைப் பிடுங்கவும் வேண்டும். எய்தவன் யார் என்று பார்க்கவும் வேண்டும். வில்லைப் பறிக்கவும் வேண்டும்.

இப்போது பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்துகின்றன. மூச்சைக் கவனியுங்கள் என்கிறார்கள். கவனிப்போம்! பஞ்சாலைத் தொழிலாளி கவனித்தால் முதலில் தெரிவது இருமல்தான். நுரையீரலில் பஞ்சுத் தூசி ஏறியிருப்பது தெரியும். உள்ளதை உள்ளபடி பார் என்பதே அந்தப் பயிற்சியின் நோக்கமென்றால், தூசியையும் பார்க்க வேண்டும். தூசியை இழுக்கும் மெஷினுக்குச் செலவழிக்க மறுப்பவனையும் பார்க்க வேண்டும்.

ஒரு சுயவிமரிசனம்

பற்று பிறரிடம் மட்டுமே இருப்பதாக எழுதினால் அது நேர்மையல்ல. பௌத்தம் பற்றை நாலு வகையாகப் பிரிக்கிறது. சுகத்தைப் பற்றுவது, சடங்கைப் பற்றுவது, ‘நான்’ என்பதைப் பற்றுவது ஆகியவற்றோடு, கருத்தைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பதும் ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. நாற்பது நாள் ஆனதும் நிர்வாகம் இறங்கி வந்தது. முக்கியமான கோரிக்கைகள் கிடைப்பதாக இருந்தன, எல்லாம் அல்ல. ஏற்றுக்கொள்ளலாம் என்று தொழிலாளர்களில் பலர் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. “ஒரு பைசா குறைந்தாலும் கையெழுத்து இல்லை” என்று மேடையில் முழங்கியிருந்தேன். அதையே பொதுக்குழுவிலும் முழங்கி, தயங்கியவர்களைக் கோழைகள் என்று சொல்லி வாயை அடைத்தேன். மேலும் இரண்டு வாரம் ஓடியது. சிலர் பின் கேட் வழியாக வேலைக்குப் போனார்கள். கடைசியில் முன்பு கிடைப்பதாக இருந்ததைவிடக் குறைவாகவே ஒப்பந்தம் ஆனது. அன்று ரீலிங்கில் வேலை செய்த ஒரு அம்மாள் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. “உங்க வாக்கைக் காப்பாத்த எங்க புள்ளைங்க ரெண்டு வாரம் பட்டினி கெடந்துச்சுங்க, தோழரே.”

வர்க்க உறுதி என்று நான் நினைத்திருந்தது, என் சொல்லின் மேல் எனக்கிருந்த பற்று. ஆற்றைக் கடக்கத் தெப்பம் வேண்டும். கரை ஏறிய பிறகும் அதைத் தலையில் சுமந்து திரிகிறவன் புத்திசாலியா என்று புத்தர் கேட்டார். தம் உபதேசத்தையே அவர் தெப்பத்துக்கு ஒப்பிட்டார். வேலைநிறுத்தமும் தெப்பம்தான். மக்களைக் கரை சேர்க்கவே அது இருக்கிறது, தலைவனின் மானத்தைச் சுமக்க அல்ல. பதவியை விடாத நிர்வாகிகளும், கேள்வி கேட்டவனை எதிரியாக்குகிற தலைவர்களும் இதை யோசிக்க வேண்டும். நான் யோசிக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

துறவியும் செங்கொடியும்

புத்தரிடம் கற்றவர்கள் போராட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதிய ராகுல சாங்கிருத்யாயன் 1930ல் இலங்கையில் பிக்குவானவர். பிறகு துவராடையை விட்டுவிட்டு பீகார் விவசாயிகளோடு நின்றார். 1939ல் அம்வாரி கிராமத்துக் கரும்பு வயலில் ஜமீன்தாரின் ஆளால் தலையில் அடிபட்டு ரத்தம் சிந்தினார், சிறை புகுந்தார், கம்யூனிஸ்ட் ஆனார். 1923ல் சென்னையில் மே தினக் கொடியை ஏற்றிய நம் சிங்காரவேலரும் பௌத்தத்தில் ஈடுபட்டு, மகாபோதி சங்கப் பணி செய்தவர்தான். 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானவர்கள் பௌத்தம் தழுவினார்களே, கிடைத்தது போதும் என்று சகித்துக்கொள்ளவா தழுவினார்கள்? தலை நிமிரவே தழுவினார்கள்.

டீக்கடைத் தோழருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: “அண்ணே, விடவேண்டியதை விடுவோம், விடக்கூடாததை விடமாட்டோம். குடியை விடுவோம், வெட்டிச் செலவை விடுவோம், சாதிப் பற்றை விடுவோம், ‘நான்தான்’ என்பதை விடுவோம். கூலியை விடமாட்டோம், பெண்ணின் படிப்பை விடமாட்டோம், சங்கத்தை விடமாட்டோம்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். “அப்ப ஞாயித்துக்கிழமை கேட் கூட்டத்துல இதைப் பேசுங்க. அந்தப் பெரியவரு பேச்சைக் கேட்டு என்னை மாதிரி இன்னும் நாலு பேரு குழம்பிக் கெடக்கறாங்க” என்றார்.

பேசினேன். தோழர்களே, உங்கள் ஊரிலும் இந்த உபந்நியாசம் வரும். வந்தால் பொரியையும் கடலையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சையும் பொறுமையாகக் கேளுங்கள். முடிந்ததும் எழுந்து, சிகாலனுக்குச் சொன்ன அந்த ஐந்து கடமைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த ஆலையில் எத்தனை நடக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்!