முயல் சொல்லும் பதில் போதுமா?



"இந்த மூலிகைச் சாறு கொலஸ்டிராலைக் குறைக்கும், ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது" என்ற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடனே ஒரு கேள்வி கேளுங்கள்: யாருடைய உடலில் நிரூபிக்கப்பட்டது? பல நேரங்களில் விடை, எலி அல்லது முயல் என்றிருக்கும்.

1913இல் ருஷ்ய அறிஞர் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. அன்று முதல் முயல் இத்துறையின் முக்கியமான சோதனை விலங்காயிற்று. ஆனால், முயல் தழை தின்னும் பிராணி. அதன் இயற்கை உணவில் கொலஸ்டிரால் அநேகமாக இல்லை. ஊட்டினால் இரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். எலியோ நேர்மாறு. மனிதருக்குத் தீங்கு செய்யும் எல்.டி.எல். வகைக் கொலஸ்டிரால் எலியின் இரத்தத்தில் இயல்பாகவே குறைவு. இரண்டுமே மனிதனின் சரியான நகல் அல்ல.

இதனால் என்ன விளைகிறது? இரு சான்றுகள் பாருங்கள்.

குக்குலு என்பது வட இந்திய வறண்ட நிலத்தில் வளரும் ஒரு மரத்தின் பிசின். 1966இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி, ஆயுர்வேத நூற்குறிப்பைத் துணைகொண்டு, இப்பிசின் முயல்களின் கொலஸ்டிராலைக் குறைப்பதைக் கண்டார். இந்தியாவில் மனிதரிடம் நடந்த சில சோதனைகளும் நம்பிக்கை தந்தன. ஆனால் 2003இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், 103 பேரிடம் 8 வாரம் பார்த்தபோது, குக்குலு உண்டவர்களுக்கு எல்.டி.எல். குறையவில்லை, சற்றே கூடியது!

மற்றது ஜப்பானில் நடந்தது. அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக் காம்பாக்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். எலிகளில் அது பலிக்கவில்லை. அவர் மனம் தளராமல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தார். கொலஸ்டிரால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்று கோடிக்கணக்கானோர் உண்ணும் ஸ்டாட்டின் மருந்துகளின் முன்னோடி அதுதான். எலியின் தீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

அப்படியானால் விலங்குச் சோதனை வீணா? இல்லை. ஒரு சாறு நஞ்சா, கல்லீரலைக் கெடுக்குமா என்பதை முதலில் மனிதரிடம் பார்க்க முடியாது. ஆனால், அது வாசற்படியே தவிர வீடு அல்ல என்பது என் கருத்து.

அந்த வாசற்படியும் ஒழுங்காக அமைய வேண்டும். ஒரே கொழுப்புணவை இரு கூட்டங்களுக்கும் தந்து, ஒன்றுக்கு மட்டும் சாறு தர வேண்டும். தின்ற தீனியை நாள்தோறும் நிறுக்கவும் வேண்டும். ஏன்? சாறு கசந்தால் விலங்கு குறைவாகத் தின்னும், கொலஸ்டிராலும் குறையும். அது மருந்தின் வெற்றியா, பட்டினியின் விளைவா? தமனியைப் பார்க்க விலங்கைக் கொல்ல வேண்டியிருக்கிறது. கவனமற்ற சோதனையில் அந்த உயிர் வீணே போகிறது.

விளம்பரத்தை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டால் ஆபத்து மனித உயிருக்கே. ஆகவே உங்கள் வீட்டில் யாரேனும் அத்தகைய புட்டியை வாங்கி வந்தால், தயங்காமல் கேளுங்கள்: எந்த விலங்கு? எவ்வளவு அளவு? எதனோடு ஒப்பிட்டார்கள்? மனிதரிடம் பார்த்தார்களா? மூலிகையை இகழ்வதற்காக அல்ல, அதன் உண்மையான மதிப்பை அறிவதற்காகவே இக்கேள்விகள்.